கெல்ஸ்பி வூட்டு ஆளுங்க

1

போன வியாழக்கிழமை ஒரு பங்காளியை அடக்கம் செய்துவிட்டு வந்தேன். அவர் வெள்ளைக்காரர். பெயர் ஹெரால்ட் கெல்ஸ்பி. என் பெயர் தேவராஜ் கெல்ஸ்பி. ராயபுரத்தில் பிறந்து, எண்ணூரில் கிரேன் ரிப்பேர் பார்த்து, இப்போது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லிங்கன்ஷயர் என்ற சீமையில், ஒரு துறைமுகத்தில், அதே கிரேன் ரிப்பேரைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அவருக்கும் எனக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் பங்காளி என்றுதான் எழுதுகிறேன். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். கறுப்புத் தோலுக்கு வெள்ளைக்காரன் பங்காளியா என்று கேட்கலாம். கேளுங்கள். என் மகளே கேட்டாள்.

2

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தால் போதும். அப்பன் பெயரின் முதல் எழுத்து. மகனுக்கு ஒரு மகன் பிறந்தால் அந்த எழுத்தும் மாறிவிடும். தாத்தாவுக்கு அப்பன் பெயர் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நம் வழக்கம் அப்படி. எங்கள் வீடு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் வந்து "கெல்ஸ்பி வூடு எது?" என்று கேட்டால், குழாயடியில் நிற்கும் பெண்கள் தலையைத் திருப்பாமலே கையைக் காட்டுவார்கள்.

அந்தப் பெயர் வந்த கதையை எங்கள் நைனா வருடத்துக்கு ஒரு தடவை சொல்வார். கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக் கல்லறையில் குடும்பக் கல்லறைகளைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு அங்கேயே உட்கார்ந்து சொல்வார். நைனா துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். எஞ்சின் சத்தத்திலேயே காலம் கழித்ததால் கல்லறையிலும் கத்தித்தான் பேசுவார்.

"எங்க தாத்தன் முனுசாமி வியாசர்பாடி குடிசைலேர்ந்து ஆர்பருக்கு நடந்தே வருவாரு. கல்லு எறக்குற வேல. மேஸ்திரிக்கு மேல கெல்ஸ்பின்னு ஒரு தொர. தாத்தன் வேதத்துல சேர்ற அன்னிக்கு தொரதான் ஞானத்தகப்பனா நின்னுகினு இருந்தாரு. சாமுவேல்னு பேரு வெச்சாச்சு. உபதேசியாரு கேக்குறாரு, அப்பன் பேரு இன்னான்னு. தாத்தனுக்கு அப்பன யாருன்னே தெரியாது. பின்னால ஒருத்தன் சாதிப் பேர சொல்லி, அத்தயே எழுதுன்னு சிரிச்சான். தொர சொன்னாரு, எம்பேர எழுதுன்னு. அவ்ளோதான்டா கத."

அன்பினால் சொன்னாரா, சிரித்தவன் மேல் வந்த கோபத்தில் சொன்னாரா, வெயில் தாங்காமல் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நினைத்தாரா, அது யாருக்கும் தெரியாது. துரை கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்விட்டார். பெயர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

நைனாவுக்கு அது உயிர். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர், "இனிஷியல் போதும்பா, இவ்வளவு நீளமா எதுக்கு?" என்றார். நைனா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "முழுசா எழுதுங்க சார். இந்தப் பேரு இருக்குறதாலதான் எவனும் எங்கள வேற பேர் சொல்லி கூப்டல" என்றார். தலைமையாசிரியர் பேனாவை எடுத்து எழுதினார்.

3

வெளிநாட்டுக்கு வந்த நம்மவர்கள் எல்லோரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள். அப்பன் பெயரை அங்கே போட்டு, அப்பனையே ஆபீசில் எல்லோரும் கூப்பிடும்படி ஆகிவிடும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. என் தொல்லை வேறு.

விசா கேட்டுப் போன இடத்தில், மனைவி பிரிட்டிஷ்காரரா என்றார்கள். மனைவி எஸ்தர், திருவொற்றியூர்க்காரி. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது எப்போது மாற்றிக்கொண்ட பெயர் என்று கேட்டார். என் தாத்தாவின் அப்பா காலத்துப் பெயர் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேலைக்கு எழுதிப்போட்டால் உடனே கூப்பிடுவார்கள். நேரில் போய் நின்றால், வரவேற்பறையில் இருப்பவர் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார். பெயர் வாசலைத் திறந்துவிட்டது, முகம் அதைப் பாதி மூடியது.

இந்த ஊருக்கு வந்தது தற்செயல்தான். வந்த பிறகு உடன் வேலை செய்யும் ஒருவர், "உன் பேரு இந்தப் பக்கத்துப் பேராச்சே" என்று சொல்ல, நகர நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். குடும்பப் பெயர்களுக்கென்றே இவர்கள் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். எந்தப் பெயர் எந்தச் சீமையில் எத்தனை அடர்த்தி என்று வரைபடமும் உண்டு. சில பெயர்கள் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கும். கெல்ஸ்பி ஒரே ஒரு இடத்தில், கிழக்குக் கரையை ஒட்டி, மை சிந்தியது போல ஒரு திட்டு. அங்கிருந்து விலகிச் சுரங்க ஊர் ஒன்றில் லேசான நிழல். கப்பல் கட்டும் ஊர் ஒன்றில் இன்னொன்று. பிழைப்புத் தேடிப் போன வழி அதுவென்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. அடுத்த தலைமுறைப் படத்தில் நிழல்கள் காணோம். அதற்கடுத்ததில் திட்டே வெளுத்துவிட்டது. சிலர் யுத்தத்தில் போனார்கள், சிலர் கப்பலேறினார்கள், சில வீடுகளில் பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்து வேறு பெயருக்குப் போனார்கள்.

உலகப் படமும் இருந்தது. கனடாவில் ஒரு புள்ளி, ஆஸ்திரேலியாவில் ஒரு புள்ளி. இந்தியா முழுக்க வெள்ளை. காசிமேட்டில் தமிழில் கெல்ஸ்பி என்று செதுக்கிய கல்லறைகள் வரிசையாக இருப்பது அந்தப் படத்துக்குத் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு செய்தி என்னைப் பிடித்து உலுக்கியது. பி என்று முடியும் இந்தப் பக்கத்துப் பெயர்கள் எல்லாம் ஊர்ப்பெயர்கள். எப்போதோ கடல் தாண்டி வந்து குடியேறிய டேனிஷ்காரர்கள் தங்கள் குடியிருப்புக்கு வைத்த பெயர்கள். கெல்ஸ்பி என்றும் ஓர் ஊர் இருந்தது. ஆனால் அந்த ஊரில் இருந்த எவனுக்கும் கெல்ஸ்பி என்று பெயர் இல்லை. எல்லோருமே அந்த ஊர்தானே, அங்கே அதைச் சொல்லி யாரை யாரிடமிருந்து பிரிப்பது? ஊரை விட்டுக் கிளம்பி அடுத்த ஊரில் போய் நின்றவனைத்தான் அங்கிருந்தவர்கள் கெல்ஸ்பிக்காரன் என்று கூப்பிட்டார்கள். விட்டு வந்தவனுக்கு வைத்த பெயர் அது.

நம் பக்கமும் அப்படித்தான். எண்ணூர்ப் பக்கம் கடல் தின்ற குப்பங்கள் உண்டு. அங்கிருந்து திருவொற்றியூருக்கு வந்து ஹவுசிங் போர்டு வீட்டில் இருப்பவர்களை இன்னும் அந்தக் குப்பத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். குப்பம் இருந்தவரை அவர்களுக்கு அந்தப் பெயர் இல்லை.

4

ஹெரால்டை நான் பார்த்தது மருந்துக் கடையில். எனக்குச் சர்க்கரை மாத்திரை. உள்ளேயிருந்த பெண் "கெல்ஸ்பி!" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். பக்கத்து நாற்காலியில் ஊன்றுகோலோடு இருந்த கிழவரும் எழுந்தார்.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீங்க உட்காருங்க, அவ என்னைக் கூப்பிட்டா" என்றார்.

"என்னையும்தான் கூப்பிட்டாள்" என்றேன்.

வாசலில் நின்று நைனாவின் கதையை நைனாவின் குரலிலேயே, அதாவது கொஞ்சம் கத்தியே, சொல்லி முடித்தேன். அவர், தன்னுடைய தாத்தாவின் தம்பி ஒருவர் துறைமுகக் கட்டட வேலைக்காகக் கடல் கடந்து போனதாக வீட்டில் பேச்சு உண்டு, எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது என்றார். "அவரா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். உங்க மூக்கு நிச்சயமா எங்க மூக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தார்.

விட்டகுறை தொட்டகுறை என்பார்களே, அப்படித்தான் ஆயிற்று. ஹெரால்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்த ஒரே அக்கா ஆஸ்திரேலியாவில் இறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எஸ்தர் செய்த மீன் குழம்பைக் காரம் குறைத்து எடுத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கெல்ஸ்பியைப் பார்க்கப் போனோம். ஆடு மேயும் ஒரு மேடு பள்ளமான வயல். வீடு இல்லை, கோயில் இல்லை, பெயர்ப்பலகை கூட இல்லை. ஊர் எப்போதோ அழிந்துவிட்டது.

"இதுதானா?" என்றேன்.

"இதுதான். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் ஹெரால்ட். அவருக்கு மூச்சு வாங்கியது. ஊன்றுகோலின் மேல் இரண்டு கையையும் வைத்து அந்த ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

5

எனக்கு ஒரே மகள். ஜெனிஃபர். ஜெனி. லண்டனில் வேலை. சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது, போகுமுன் பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறேன், அந்தப் பெயரிலேயே புதுப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறேன்.

எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"என்ன பேருக்கு?"

"ஜெனிஃபர் தேவராஜ். உங்க பேருப்பா. நம்ம ஊர் வழக்கம்தானே?"

அவளுடைய தமிழ் அரைகுறைதான். ஆனால் இதைத் தெளிவாகச் சொன்னாள். பள்ளியிலிருந்து ஆபீஸ் வரை எல்லோரும் உன் நிஜப் பெயர் என்ன என்று கேட்பதாகவும், பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதாகவும் சொன்னாள். முதலாளி தன் ஆளுக்குச் சூடு போட்ட மாதிரி ஒரு பெயர் இது என்றாள்.

"சாதிப் பேரைச் சொல்லிச் சிரிச்சவன் முன்னால மரியாதையாக் குடுத்த பேரும்மா."

"கொடுத்தார், சரி. அதுக்கப்புறம் முனுசாமி தாத்தா மறுபடியும் கல்லுதானே தூக்கினார்? கூலியைக் கூட்டினாரா அவர்?"

நைனா அந்தப் பகுதியைச் சொன்னதே இல்லை. பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பது நம் பேச்சு. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, அவள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். எஸ்தர் பின்னாலேயே வந்து, "அவ உங்க பேரைத்தானே கேக்குறா? வேற எவன் பேரையாவது கேட்டாளா?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நைனா நாற்காலியில் உட்கார்ந்து வாங்கித் தந்த பெயர், என் காலத்தோடு என் வழியில் இல்லாமல் போய்விடும் என்பதுதான் என் நெஞ்சில் நின்றது. என் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜெனி லண்டனுக்குத் திரும்பினாள். அது இன்னும் பாரமாக இருந்தது.

6

இந்தச் சமயத்தில்தான் ஹெரால்ட் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி. கடைசி வரியில், குடும்பத்தார் மட்டும் மலர் கொண்டுவரவும் என்று போட்டிருந்தது. ராயபுரத்தில் இருக்கும் என் அண்ணன் டேனியலுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா சொல்ற, நம்ம ஆளு செத்துட்டாரா? அங்க அவருக்கு யாரு கீறாங்க?"

"யாருமில்லைண்ணா."

"அப்ப நீதான்டா வூட்டு ஆளு. வெறுங்கையோட போய் நிக்காத. ரோசா மாலை எட்துகினு போ. பொடி மாலை இல்ல, நல்ல தண்டியா. வழி நெடுக பூ போடு. மூணு பிடி மண்ணு தள்ளிட்டு வா."

மாலைக்கு எங்கே போவது? கடைகளில் இருந்த சிவப்பு ரோஜாவை எல்லாம் வாங்கிவந்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்து எஸ்தர் கட்டினாள். நம் சாவு வீடுகளில் போடுகிற மாதிரியே, கைப்பருமனுக்கு. காரோட்ட ஜெனி வந்திருந்தாள். எனக்கு இரண்டு நாளாகக் கண் மங்கலாக இருந்ததால் எஸ்தர் அவளை வரச் சொல்லியிருந்தாள். அவள் மாலையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கே யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சிறிய கல் சர்ச். பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்த சில கிழவர்கள், அண்டை வீட்டுப் பெண்மணி, அவ்வளவுதான் கூட்டம். எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை குடும்பத்துக்கு. அது காலியாக இருந்தது. நம் ஊரில் பிணத்தின் தலைமாட்டைக் காலியாக விடமாட்டார்கள், பகையாளியாவது வந்து உட்காருவான். நான் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அதன் மேல் மாலையைக் குறுக்காகப் போட்டேன். பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஜெனி கடைசி வரிசையிலேயே இருந்தாள்.

ஆராதனை முடிந்து பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள். நான் மாலையின் ஒரு முனையைப் பிரித்து, இதழ்களை உதிர்த்து வழியில் போட்டுக்கொண்டே முன்னால் நடந்தேன். நைனா சாவுக்கும் இப்படித்தான் போட்டேன். அம்மாவுக்குப் போட்டேன். ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை ரோடு சிவப்பாகக் கிடந்தது. கை தானாகப் போட்டது.

சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருத்தி அவசரமாக ஓடிவந்தாள். தாழ்ந்த குரலில், "மன்னிக்கணும், இங்கே கல்யாணங்களுக்கே பூ இறைக்க அனுமதி இல்லை. தயவுசெய்து..." என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெட்டி தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். என் கை நிறைய ரோஜா இதழ்.

கடைசியில் வந்துகொண்டிருந்த ஜெனி எல்லோரையும் தாண்டி முன்னால் வந்தாள்.

"இது கல்யாணம் இல்லை" என்றாள். "எங்க வீட்டுச் சாவு. எங்க வீட்டில் இப்படித்தான் செய்வோம். நாங்க கெல்ஸ்பி."

அந்த அம்மாள் வழிவிட்டு ஒதுங்கினாள். ஜெனி என் கையிலிருந்து பாதி இதழ்களை வாங்கிக்கொண்டாள். பெட்டி நகர்ந்தது. நானும் என் மகளும் பூ போட்டுக்கொண்டே போனோம். சுற்றிலும் சாய்ந்தும் பாசி பிடித்தும் நின்ற கற்களில் எல்லாம் எங்கள் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. குழியருகே போதகர், குடும்பத்தார் முதலில் மண் போடலாம் என்றார். மூன்று பிடி போட்டேன். ஜெனியும் மூன்று பிடி போட்டாள். அவளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. என்னைப் பார்த்துப் போட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. ஹெரால்டுக்காகவா, நைனாவுக்காகவா என்று தெரியவில்லை. அழுதேன்.

7

திரும்பும் வழியில் ஜெனி சொன்னாள், "அப்பா, நான் மனசு மாறிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அங்கே சொன்னது பொய் இல்லை. ஆனா எனக்கு இன்னும் உங்க பேருதான் வேணும்."

அவள் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினாள். நகத்தில் மண் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பூ போட்டதைக் கேட்டு மகிழ்ந்தார். பெயர் விஷயத்தைக் கேட்டு, நான் நினைத்த மாதிரி கொதிக்கவில்லை.

"எம்மவன் பேருக்கு முன்னாடி இன்னா கீது? டி. டேனியலு. அவன் மவனுக்கு அந்த டி-யும் போச்சு. கெல்ஸ்பின்னு எழுதுறவன் நம்ம வூட்ல நானும் நீயும்தான்டா. இத்தினி நாளு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே வந்து அந்தப் பெயரைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தேன். அங்கே அது எப்போதோ நம் வழக்கப்படி கரைந்து போயிருக்கிறது.

"நைனா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்றேன்.

"கெல்ஸ்பி தொர இன்னா பண்ணாரு? அப்பன் பேரு இல்லாம நின்னவனுக்குத் தன் பேர குடுத்தாரு. உம்பொண்ணு உங்கிட்ட வந்து கேட்டுகினு நிக்குது. குடுடா. பேஜார் பண்ணாத."

மறுநாள் ஜெனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பினாள். ரயில் நிலையத்தில், மாற்றிக்கொள் என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ரயில் வந்தது, ஏறினாள்.

நூலகத்தில் படித்தது எனக்கு நடைமேடையில்தான் புரிந்தது. ஊரில் இருப்பவனுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. விட்டுப் போகிறவன்தான் அதைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிறான். அடுத்த மாதம் கனடாவில் அவள் போய் இறங்குவாள். அங்கே ஓர் அதிகாரி குடும்பப் பெயரைக் கேட்பார். தேவராஜ் என்று சொல்லுவாள். அவள் விட்டுப் போன ஊர் நான்.